சந்தை மூடப்படாத மூன்று நாட்கள்

2001 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், பிரென்ட்வுட் நகரை ஒட்டிய ஓர் இறைச்சிக்கூடம். வெட்டுக்கு வந்திருந்த பன்றிகளைச் சோதித்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவரின் கண்ணில் சில பன்றிகளின் உடலில் இருந்த கொப்புளங்கள் பட்டன. அவர் உடனே மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். மாதிரிகள் பிர்பிரைட்டில் உள்ள ஆய்வகத்துக்குப் போயின. மறுநாளே முடிவு வந்தது: கோமாரி. இருபது ஆண்டுகளாக அந்த நாட்டில் தலைகாட்டாத நோய்.

அடுத்த ஏழு மாதங்களில் பிரிட்டனில் 2,026 பண்ணைகளில் நோய் உறுதிசெய்யப்பட்டது. அறுபது லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. மே 3-ஆம் தேதி நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் ஜூன் 7-க்குத் தள்ளிப்போனது. பொதுத்தேர்தலும் அன்றுதான் நடந்தது. அரசுக்கு 300 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. தனியார் துறைக்கு 500 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பு. வேளாண் அமைச்சகம் கலைக்கப்பட்டு, வேறு பெயரில் வேறு துறை உருவானது.

இத்தனைக்கும் பிரிட்டன் வசதியில்லாத நாடு அல்ல. உலகக் கோமாரி ஆய்வின் தலைமை ஆய்வகம் அந்த மண்ணிலேயே இருந்தது. முந்தைய பெருந்தொற்றைப் பற்றிய விரிவான விசாரணை அறிக்கை கையில் இருந்தது. மருத்துவர்கள், ராணுவம், பணம், சட்டம் எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் ஏன் தோற்றது என்பதுதான், கால்நடைகளை நம்பிப் பிழைக்கும் எந்த நாடும் கேட்டுப்பார்க்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கோமாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காணை என்றும், கால் வாய் நோய் என்றும் சொல்வார்கள். வாயில் நூல்நூலாக எச்சில் வடியும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் உடைந்து தோல் உரியும். குளம்பு இடுக்கில் புண் வந்து மாடு நொண்டும். தீனி எடுக்காது, பால் வற்றும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் பழைய கறவை திரும்பாது. தேறிய மாடுகளில் சில, வெயில் ஏறினால் நாயைப் போல மூச்சிரைக்கும். கன்றுகளின் கதை வேறு. வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், நேற்றுவரை துள்ளிய கன்று இன்று காலையில் செத்துக் கிடக்கும்.

இந்த வைரஸ் பரவும் வேகத்துக்கு ஈடான கால்நடை நோய்கள் மிகச் சில. மாட்டுக்கு நோய் இருப்பது தெரிவதற்கு முன்பே அதன் பாலில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். செருப்பில் ஒட்டிய சாணம், பால் வண்டியின் சக்கரம், ஆள் மாற்றி ஆள் பிடிக்கும் கயிறு என்று எதில் வேண்டுமானாலும் அது பயணம் போகும். பன்றிகள் மூச்சுவழியாகப் பெருமளவில் அதைக் காற்றில் கலக்கின்றன. 1981-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து காற்றிலேயே கடலைத் தாண்டி ஒயிட் தீவுக்கு வந்து சேர்ந்த வரலாறும் உண்டு. ஆடுகளுக்கு மட்டும் நோய் லேசாக வந்து போகும். ஒருநாள் நொண்டல், வாயில் கண்ணுக்கே எட்டாத புண், அவ்வளவுதான். 2001-இல் பிரிட்டனைக் கவிழ்த்தது இந்தக் கடைசி அம்சம்.

எசெக்ஸில் பிடிபட்ட நோயின் வேர் எங்கே என்று அதிகாரிகள் பின்னோக்கித் தேடினார்கள். பிப்ரவரி 23-இல் விடை கிடைத்தது. வடகோடியில் நார்தம்பர்லாந்து மாவட்டத்தின் ஹெடன்-ஆன்-தி-வால் என்ற ஊரில் ஒரு பன்றிப் பண்ணை. உணவகங்களிலிருந்து வரும் எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்டு வளர்க்கும் இடம். அப்படிப்பட்ட கழிவைக் கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும் என்பது விதி. அந்த விதி அங்கே காற்றில் பறந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நோயுற்ற இறைச்சி ஏதோ அந்தக் கழிவில் கலந்திருக்க வேண்டும் என்பது விசாரணைகளின் முடிவு. வைரஸின் ரகம் 'ஓ' வகையைச் சேர்ந்த 'பான் ஏசியா'. 1990-இல் வட இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டு, ஆசியா முழுக்கப் பரவி, 2000-இல் தென்கொரியா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்த அதே ரகம்.

ஹெடன் பன்றிகளின் புண்கள் பழையவை. நோய் அங்கே வந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அதற்குள் பன்றிகள் விட்ட மூச்சுக்காற்று சில கிலோமீட்டர் தள்ளியிருந்த போன்ட்லாண்டின் ஓர் ஆட்டுப் பண்ணைக்கு வைரஸைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பண்ணையிலிருந்து 16 ஆடுகள் பிப்ரவரி 13-இல் ஹெக்ஸம் சந்தைக்கு விற்பனைக்கு வந்தன. அவற்றோடு நின்ற ஆடுகளுக்குத் தொற்றியது. வியாபாரிகள் வழியாக நோய் அங்கிருந்து கம்பிரியாவின் லாங்டவுன் சந்தைக்குப் போனது. பிரிட்டனின் பெரிய ஆட்டுச் சந்தைகளில் ஒன்று அது. அங்கே வாங்கிய ஆடுகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஸ்காட்லாந்துக்கும் வேல்சுக்கும் தென்மேற்கே டெவனுக்கும் கிளம்பின. பிரான்சுக்கும் போயின. பிரான்சின் மயேன் பகுதியில் லாரிகள் இளைப்பாறும் இடத்தில், அயர்லாந்திலிருந்து நெதர்லாந்து போய்க்கொண்டிருந்த கன்றுகளுக்கு இந்த ஆடுகளிடமிருந்து நோய் ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் நெதர்லாந்தும் மாட்டிக்கொண்டது.

எசெக்ஸில் முதல் நோய் உறுதியான நேரத்தில், குறைந்தது 57 பண்ணைகளுக்கு நோய் போய்விட்டிருந்தது என்று பின்னர் தெரிந்தது. அப்போது ஒருவருக்கும் அது தெரியாது.

இங்கேதான் மூன்று நாள் கணக்கு வருகிறது. பிப்ரவரி 20-இல் நோய் உறுதியானது. நாடு முழுவதும் கால்நடைகளை இடம் மாற்றக் கூடாது என்ற தடை பிப்ரவரி 23 மாலையில்தான் வந்தது. இடைப்பட்ட நாட்களில் சந்தைகள் நடந்தன, லாரிகள் ஓடின. ஓர் இறைச்சிக்கூடத்தில் பார்த்த கொப்புளத்துக்காக நாட்டின் கால்நடை வியாபாரம் முழுவதையும் நிறுத்துவதா என்ற தயக்கம், அன்றைய நிலையில் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் 20-ஆம் தேதியே தடை போட்டிருந்தால் தொற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்திருக்கும் என்று பிற்பாடு செய்த கணிப்பு சொன்னது. தடைக்கு முந்தைய வாரங்களில் எந்த ஆடு எங்கிருந்து எங்கே போனது என்பதற்கு ஒழுங்கான பதிவும் கிடையாது. பைத்தியமாட்டு நோய் தந்த பாடத்தால் மாடுகளுக்குத் தனித்தனிப் பாஸ்போர்ட்டும் கணினிப் பதிவும் வந்திருந்தன. ஆடுகள் மந்தைக் கணக்கில்தான் போய்வந்தன. சந்தையில் பாதி, சாலையோரத்தில் பாதி என்று கைமாறிய ஆடுகளைத் தேடுவதற்குள் நோய் முந்திக்கொண்டது.

1967-68-இலும் பிரிட்டன் ஒரு பெரிய கோமாரியைக் கண்டது. 2,364 இடங்களில் நோய், நான்கு லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. அதை விசாரித்த நார்தம்பர்லாந்து கோமகன் குழு 1969-இல் அறிக்கை தந்தது. செத்த கால்நடைகளை எரிப்பதைவிடப் பண்ணையிலேயே புதைப்பது மேல், ராணுவத்தை ஆரம்பத்திலேயே கூப்பிட வேண்டும், தடுப்பூசி போடும் ஏற்பாடும் தயாராக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் சந்தைகள் குறைந்து பெரிதாகின. ஆடுகள் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இரண்டே நாளில் போகத் தொடங்கின. அரசுக் கால்நடை மருத்துவர்களின் எண்ணிக்கை சுமார் 220 ஆகிவிட்டது. அமைச்சகத்தின் அவசரகாலத் திட்டம், ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்துப் பண்ணைகளில் நோய் வரலாம் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டிருந்தது. தயார்நிலை போதாது என்று 1999-இல் துறைக்குள்ளிருந்தே ஓர் அறிக்கை எச்சரித்தது. அதில் சொன்னவை வேகமாக நிறைவேறவில்லை.

திட்டம் என்ற ஒன்று இருந்தது. ஆனால் அது எதிர்பார்த்த நோய் வேறு, வந்த நோய் வேறு.

மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு ஐம்பது பண்ணைகள்வரை புதிதாகப் பாதிக்கப்பட்டன. நோய் இருக்கிறது என்று தகவல் வந்து, மருத்துவர் வந்து, கொல்லும் ஆள் வந்து, பிணங்களை அகற்றும் வண்டி வருவதற்குள் நாட்கள் ஓடின. பைத்தியமாட்டு நோய் விதிகளின்படி 1996-க்கு முன் பிறந்த மாடுகளைப் புதைக்க முடியாது. நிலத்தடி நீர் கெடும் என்பதால் பல இடங்களில் எதையுமே புதைக்க முடியாது. ஆகவே ரயில் தண்டவாளக் கட்டைகளையும் நிலக்கரியையும் வைக்கோலையும் அடுக்கி, மாடுகளை மேலே வரிசையாகக் கிடத்தி எரித்தார்கள். நான்கு கால்களும் வானத்தை நோக்கி விறைத்து நின்ற அந்தப் படங்கள் உலகம் முழுவதும் போயின. சுற்றுலாப் பயணிகள் கிராமப்புறங்களுக்கு வருவதை நிறுத்தினார்கள். இழப்பில் பெரிய பங்கு விவசாயத்துக்கு வெளியேதான் விழுந்தது.

மார்ச் 20-இல் ராணுவம் இறங்கியது. மொத்தத் தொற்றில் 893 பண்ணைகள் கம்பிரியாவில் மட்டும் இருந்தன. அங்கே கிரேட் ஆர்ட்டனில் இரண்டாம் உலகப்போர்க்காலத்துப் பழைய விமானத்தளத்தில் நீளநீளமான குழிகளை வெட்டினார்கள். நாலரை லட்சத்துக்கும் அதிகமான ஆடுகள் அங்கே புதைந்தன. பண்ணையில் கொல்ல ஆள் போதாமல், ஆடுகளை உயிரோடு லாரியில் கொண்டுவந்து குழிக்கு அருகிலேயே கொன்றதும் உண்டு.

அதே வாரத்தில் கணித மாதிரிகள் ஆட்சியாளர்களின் மேசைக்கு வந்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரி, எடின்பரோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நோய் எந்த வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டார்கள். அதன் பேரில் புதிய ஆணை பிறந்தது: நோயுள்ள பண்ணையில் 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள்ளும் எல்லா விலங்குகளையும் கொல்ல வேண்டும். ஏப்ரலில் தொற்று இறங்கத் தொடங்கியது. அது இந்த ஆணையால் இறங்கியதா, இடமாற்றத் தடையும் விரைவான கொலையும் ஏற்கெனவே வேலை செய்யத் தொடங்கியிருந்ததா என்று கால்நடை மருத்துவர்களும் கணித ஆய்வாளர்களும் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஒட்டிய பண்ணை என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்ட மந்தைகளில் பலவற்றில் நோயே இருந்ததில்லை என்பதை மட்டும் இரு தரப்பும் மறுப்பதில்லை.

ஏப்ரல் கடைசியில் டெவனில் மெம்பரி என்ற ஊரில், கொல்லப்பட்ட தாயின் அருகே பல நாள் கழித்து ஒரு வெள்ளைக் கன்று உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் சூட்டின. அதைக் கொல்ல வேண்டும் என்ற அதிகாரிகளின் ஆணைக்கு எதிராக நாடே குரல் எழுப்பியது. அரசு இறங்கிவந்தது. ஒட்டிய பண்ணைகளில் மாடுகளைக் கொல்லும் விதியும் அதோடு தளர்ந்தது.

பணக் கணக்கில் வராத சேதத்தை லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது. கம்பிரியாவில் விவசாயிகள், லாரி ஓட்டுநர்கள், மருத்துவர்கள், கொலைப் பணியில் இருந்தவர்கள் என்று 54 பேர் பதினெட்டு மாதங்கள் வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதினார்கள். தூக்கமின்மை, கண்முன் வந்து போகும் காட்சிகள், அரசின் மீது போய்விட்ட நம்பிக்கை என்று அவை நிரம்பிக் கிடந்தன. விவசாயிகளுக்கு இழப்பீடாக 100 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. பல தலைமுறையாக வளர்த்த மந்தையை அந்தப் பணத்தால் திரும்ப வாங்க முடியவில்லை.

தடுப்பூசி இருந்ததே, ஏன் போடவில்லை? இந்தியர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். காரணம் ஏற்றுமதி. நோயில்லாத நாடு என்ற தகுதியை வைத்தே பிரிட்டன் இறைச்சியும் கால்நடையும் விற்றுவந்தது. அன்றைய சர்வதேச விதிப்படி, நோயுள்ளவற்றைக் கொன்றுமட்டும் தீர்த்தால் மூன்று மாதத்தில் தகுதி திரும்பும். தடுப்பூசி போட்டு உயிரோடு வைத்தால் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தடுப்பூசி போட்ட மாட்டையும் நோய் வந்து தேறிய மாட்டையும் ரத்தத்தில் பிரித்துச் சொல்லும் சோதனை அப்போது முழு அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை. நெதர்லாந்து தடுப்பூசியைப் பயன்படுத்தி 26 பண்ணைகளோடு நோயை நிறுத்தியது. ஆனால் ஊசி போட்ட கால்நடைகளையும் ஏற்றுமதிக்காகப் பிறகு கொன்றது. மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். 2002-இல் அந்தப் பன்னிரண்டு மாதம் ஆறாகக் குறைந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து இன்னொரு சோதனை வந்தது. 2007 ஆகஸ்ட் 3-இல் சர்ரே மாவட்டத்தில் ஒரு பண்ணையில் கோமாரி. இம்முறை நோய் வந்தது பிர்பிரைட் ஆய்வு வளாகத்திலிருந்தே. அங்கிருந்த பழுதடைந்த கழிவுநீர்க் குழாய் வழியாக வைரஸ் கசிந்திருந்தது. கசிந்தது 1967 தொற்றின்போது பிரித்தெடுத்து ஆய்வகத்தில் காத்துவந்த பழைய ரகம். வெட்கக்கேடான தொடக்கம். ஆனால் நோய் உறுதியான அன்றிரவே நாடு முழுவதும் கால்நடைகள் அசையாமல் நின்றன. செப்டம்பரில், நோய் முடிந்தது என்று அவசரப்பட்டு அறிவித்த சில நாட்களிலேயே மீண்டும் தலைதூக்கியது. அதற்குப் பிறகும் மொத்தம் எட்டுப் பண்ணைகளோடு நின்றது. 2,026-க்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு முழுக் காரணமும் ஒரு தடை என்று சொல்லிவிட முடியாது. ஆட்டுச் சந்தைக்குள் வைரஸ் புகாதது பெரிய அதிர்ஷ்டம். ஆனாலும் மூன்று நாள் தயக்கம் சில மணி நேரமாகச் சுருங்கியது, 2001 தந்த பாடம்.

இந்தியாவின் நிலை அடியோடு வேறு. 2019 கணக்கெடுப்பின்படி இங்கே மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல். கோமாரி இங்கே விருந்தாளி அல்ல, குடியிருப்பவர். ஒட்டிய பண்ணைகளின் கால்நடைகளைக் கொல்லும் பேச்சுக்கு இடமே இல்லை. ஒரு குடும்பத்தின் ஒற்றைக் கறவை மாட்டை யார் கொல்வது? இங்கே ஆயுதம் தடுப்பூசிதான். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி, காதில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட தோடு என்பது அதன் வடிவம். பிரிட்டனின் ஆடுகளுக்கு இல்லாமல் போன அடையாளம் இங்கே மாடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்த எண், சந்தையில் கைமாறும்போதும் பதிவானால்தான் அதற்குப் பயன். காதில் தோடு இருந்து, விற்றவர் பெயரிலேயே மாடு பதிவில் நின்றுவிட்டால், நோய் வரும் நாளில் அந்த எண் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

கொல்லாமலும் ஒரு நோயை ஒழிக்கலாம் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. மாட்டு வெக்கை நோய் ஒருகாலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போனது. 1954-இல் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பல பத்தாண்டுகள் ஊசி போட்டும் நோய் ஒளிந்து ஒளிந்து வந்தது. குறிப்பாகத் தென்னகத்தில். ஆடுகளின் நடமாட்டம் இங்கேயும் கதையில் வருகிறது. 1946-க்குப் பிறகு வெக்கை நோயே இல்லாதிருந்த இலங்கைக்கு 1987-இல் நோய் திரும்பியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுபோன ஆடுகள் வழியாகவே அது போனதாகக் கருதப்படுகிறது. அதே 1987-இல் விழுப்புரம் அருகே அரசூரில் ஆடுகளைக் கொன்ற நோய், வெக்கை அல்ல, ஆட்டுக்கொல்லி என்ற தனி நோய் என்று கண்டறியப்பட்டது. இந்தியாவில் அந்த நோயின் முதல் பதிவு அதுதான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நோய்களை ஆய்வகம் பிரித்துச் சொன்ன பிறகே, எதைத் தேடுகிறோம் என்று களப்பணியாளர்களுக்குத் தெளிந்தது.

வட ஆற்காடு பகுதியில் 1995-இல் பதிவானதே இந்தியாவின் கடைசி வெக்கை நோய். அதன் பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகப் போய் நோய் உண்டா என்று விசாரித்தார்கள். நிறுத்தினால்தான், நோய் ஒளிந்திருந்தால் வெளியே வரும். 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து ஒழிந்த இரண்டாவது நோய் அது.

அந்த வெற்றியின் கையோடு வேறு நிகழ்வுகளையும் பார்க்க வேண்டும். 2013-இல் தென்மாநிலங்களில் கோமாரி கடுமையாக வீசியது. 2019-இல் ஒடிசாவில் முதலில் தெரிந்த தோல் கழலை நோய், மூன்றே ஆண்டுகளில் குஜராத், ராஜஸ்தான் சாலையோரங்களை மாட்டுப் பிணங்களால் நிரப்பியது. அதற்கென்று தனித் தடுப்பூசியை ஹிசார், இஜத்நகர் ஆய்வு நிலையங்கள் உருவாக்கி 2022 ஆகஸ்டில் அறிமுகம் செய்தபோது நோய் உச்சத்தில் இருந்தது. ஆட்டம்மைத் தடுப்பூசியை வைத்துத்தான் அதுவரை சமாளித்தார்கள். ஒடிசாவுக்கும் ராஜஸ்தானுக்கும் இடையிலான அந்த மூன்று ஆண்டுகள், பிரிட்டனின் மூன்று நாட்களைப் போலவே விசாரிக்கப்பட வேண்டியவை.

சட்டம் இங்கே இல்லாமல் இல்லை. 2009-இல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோய்க்கான அறிகுறி தெரிந்தால் உரிமையாளர் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. நோய்ப் பகுதியை அறிவிக்கவும் அங்கே சந்தையை நிறுத்தவும் அதிகாரம் தருகிறது. நடைமுறையில், தகவல் சொன்னால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதே மாட்டுக்காரரின் கணக்கு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் எடுக்கமாட்டார்கள், சந்தையில் மாடு விலைபோகாது, ஊர்க்காரர்கள் முறைப்பார்கள். ஆதாயம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நோய் தெரிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அடுத்த சந்தையில் தள்ளிவிடுவது சிலருக்கு எளிய வழியாகப் படுகிறது. ஹெக்ஸம் சந்தைக்கு ஆடு கொண்டுபோனவருக்குத் தன் ஆட்டுக்கு நோய் என்று தெரியாது. இங்கே பல நேரங்களில் தெரிந்தே நடக்கிறது என்பதுதான் கூடுதல் ஆபத்து. தோல் கழலை நோயில் செத்த மாடுகளுக்குக் கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் இழப்பீடு அறிவித்தன. தகவல் சொன்னவருக்குப் பால் இழப்புக்கும் சிகிச்சைச் செலவுக்கும் ஒரு தொகை உடனே கையில் கிடைக்கும் என்ற உறுதி எல்லா மாநிலங்களிலும் நிரந்தர விதியாக வேண்டும். கால்நடை மருந்தகங்களில் மருத்துவர், ஆய்வாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது. சந்தைக்கு வரும் மாட்டின் காது எண்ணை நுழைவாயிலிலேயே பதிவு செய்ய வேண்டும். மாதிரி எடுத்த மறுநாளே முடிவு சொல்லும் ஆய்வகம் மண்டலத்துக்கு ஒன்றாவது வேண்டும். இவை எதுவும் நோய் வந்த பிறகு தொடங்கக்கூடிய வேலைகள் அல்ல.

மாடு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. கோமாரி ஊசி முகாம் ஊருக்கு வரும் நாளில், பால் குறையும் என்று பயந்து மாட்டை ஒளித்து வைக்க வேண்டாம். சந்தையில் வாங்கிய மாட்டை முதல் மூன்று வாரங்கள் மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். தொழுவத்தில் ஒரு மாடு எச்சில் வடித்து நொண்டினால், அன்று சந்தைக்கும் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்கும் எந்த மாட்டையும் ஓட்டாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கான எண் 1962.